வேலையில் அடிபட்ட பிறகு வரும் அப்பாயின்ட்மென்டுகள்: சிங்கப்பூரில் மருத்துவ விடுப்பும் சம்பளமும்

விரல் நசுங்கிய அன்று எல்லாரும் ஓடி வருவார்கள். ஃபோர்மேன் துணியைச் சுற்றிக் கட்டுவார், கம்பெனி வேன் வரும், மருத்துவமனையில் தையல் போட்டு அனுப்புவார்கள். அன்றைக்கு லீவு உண்டா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி மூன்றாவது வாரத்தில்தான் வரும். கட்டுப் பிரிக்க ஒரு நாள், எக்ஸ்ரே எடுக்க ஒரு நாள், பிசியோவுக்கு வாரம் இரண்டு தடவை என்று அப்பாயின்ட்மென்டுகள் நீளும். ஒவ்வொன்றும் அரை நாளையாவது தின்னும். அந்த நாளுக்குச் சம்பளம் உண்டா? சூப்பர்வைசர் "இன்னைக்கு ஆள் பத்தாது, போகாதே" என்றால் என்ன செய்வது?

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவருக்கு இந்தக் கேள்விகளுக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. தெரியாததால் ஆட்கள் இழப்பது இரண்டு: கையில் வர வேண்டிய பணம், சில சமயம் கையின் அசைவே கூட.

முதலில், எந்தச் சட்டம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். காயம் வேலையால் வந்தது என்றால் 2019ஆம் ஆண்டின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம். வேலையிடங்களில் இதை 'விக்கா' என்பார்கள். 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திடலில் கிரிக்கெட் ஆடிக் கணுக்கால் பிசகினால் அது விக்காவில் வராது. வேலை நியமனச் சட்டத்தின் சாதாரண நோய் விடுப்புதான். இரண்டிலும் '14 நாள்', '60 நாள்' என்ற எண்கள் வருவதால் பலரும் ஒன்றோடு ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். சம்பளக் கணக்கு இரண்டிலும் வேறு. வேலைக் காயத்தைச் சாதாரண நோய் விடுப்பாக எழுதிவிட்டால் தொழிலாளிக்குத்தான் நஷ்டம். எப்படி என்பதைக் கீழே கணக்கோடு பார்க்கலாம்.

விக்கா யாருக்கு? வேலை ஒப்பந்தத்தின் கீழ் இருக்கும் எல்லா ஊழியருக்கும். சம்பளம் எவ்வளவு, வயது என்ன, எந்த நாட்டுக்காரர் என்பதெல்லாம் கணக்கில்லை. வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கும் சிங்கப்பூர்க் குடிமகனுக்கும் ஒரே உரிமை. சொந்தமாகத் தொழில் செய்பவர்களும் இல்லப் பணிப்பெண்களும் இதில் இல்லை; பணிப்பெண்ணுக்கு முதலாளி தனியாக விபத்துக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். உடலுழைப்பு வேலை செய்பவர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அவருக்கு முதலாளி விக்கா காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். அந்தச் செலவைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

தவறு யாருடையது என்பதும் இங்கே கேள்வியே இல்லை. "நீ கையுறை போடலை, உன் தப்பு, கிளெய்ம் கிடையாது" என்று சொல்வது பரவலாகக் கேட்கும் பேச்சு. அது சரியல்ல. வேலை செய்யும்போது, வேலையால் காயம் வந்ததா என்பது மட்டுமே கேள்வி. குடித்திருந்ததால் வந்த காயம், தானே வேண்டுமென்று செய்துகொண்ட காயம் போன்றவை விலக்கு. காலையில் டார்மிட்டரியிலிருந்து கம்பெனி லாரியில் போகும்போது அடிபட்டாலும் விக்கா பொருந்தும். பொதுப் பேருந்திலோ எம்ஆர்டி ரயிலிலோ வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால் பொதுவாகப் பொருந்தாது.

கிளினிக்கில் கொடுக்கும் தாள் எது?

அப்பாயின்ட்மென்ட் முடிந்து வெளியே வரும்போது கையில் ஒரு தாள் இருக்கும். அந்தத் தாளின் பெயரைப் பொறுத்துத்தான் அன்றைய சம்பளம். கூடவே வந்த கம்பெனி ஆள் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வதற்கு முன் நீங்கள் படித்துப் பாருங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்சி என்பது மருத்துவச் சான்றிதழ். இத்தனாம் தேதியிலிருந்து இத்தனாம் தேதிவரை வேலை செய்யத் தகுதியில்லை என்று பதிவு பெற்ற டாக்டர் எழுதித் தருவது. வேலைக் காயத்துக்கான எம்சி நாட்களுக்கு விக்காவின்படி சம்பளம் உண்டு.

மருத்துவமனை விடுப்பு என்பதும் எம்சிதான். வார்டில் படுத்திருந்த நாட்களுக்கும், வெளியே வந்தபின் டாக்டர் அப்படியே குறித்துக் கொடுத்த ஓய்வு நாட்களுக்கும் இது வரும். தாளில் வெளிநோயாளி விடுப்பு என்று இருக்கிறதா, மருத்துவமனை விடுப்பு என்று இருக்கிறதா என்று பாருங்கள். முழுச் சம்பள நாட்களின் எண்ணிக்கை அதைப் பொறுத்து மாறும்.

லைட் டியூட்டி சான்றிதழ் மூன்றாவது. வேலைக்கு வரலாம், ஆனால் பாரம் தூக்கக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, வலது கையைப் பயன்படுத்தக் கூடாது என்பதுபோல் கட்டுப்பாடு போட்டது.

நான்காவதுதான் ஆளை ஏமாற்றும் தாள். டைம் சிட் என்பார்கள். காலை 9.10க்கு வந்தார், 11.40க்குப் போனார் என்று மட்டும் இருக்கும். அது நீங்கள் அங்கே இருந்ததற்குச் சாட்சி, அவ்வளவுதான். அது எம்சி இல்லை. நோய் விடுப்புச் சம்பளம் எம்சியின் மேல்தான் நிற்கிறது. டைம் சிட்டுக்குக் கம்பெனி தன் விருப்பப்படி சம்பளம் கொடுக்கலாம், பல நல்ல கம்பெனிகள் கொடுக்கின்றன. கொடுக்காவிட்டால் "எம்சி எங்கே?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

பிசியோவில்தான் இந்தச் சிக்கல் அதிகம். பிசியோ சிகிச்சையாளர் எம்சி எழுத முடியாது. டாக்டர்தான் எழுத முடியும். ஆகவே பிசியோவுக்கு எழுதிக் கொடுக்கும் டாக்டரிடமே, அந்த அறையை விட்டு வருமுன், "வாரம் இரண்டு நாள் பிசியோ இருக்கிறது, அந்த நாட்களுக்கு எம்சியா, லைட் டியூட்டியா?" என்று கேட்டுவிட வேண்டும். முடிந்தால் டாக்டரைப் பார்ப்பதையும் பிசியோவையும் ஒரே நாளில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு பயணம் மிச்சம், ஒரு எம்சி போதும்.

இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இரவு 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிக்கு முடியும் வேலை இரண்டு தேதிகளில் விழுகிறது. காலை 10 மணி அப்பாயின்ட்மென்டுக்கு ஒரு நாள் எம்சி வாங்கினால், அது முந்தைய இரவையா, அன்றைய இரவையா காக்கிறது என்று பின்னால் வாக்குவாதம் வரும். ஷிப்ட் நேரத்தை டாக்டரிடம் சொல்லி, தேதியைச் சரியாகப் போடச் சொல்லுங்கள்.

சம்பளக் கணக்கு

விக்காவில் மருத்துவ விடுப்புச் சம்பளத்துக்கு அடிப்படை, விபத்துக்கு முந்தைய 12 மாதங்களின் சராசரி மாத வருமானம். அடிப்படைச் சம்பளம் மட்டும் இல்லை; ஓடி (OT, கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்), அலவன்ஸ், போனஸ் எல்லாம் சேரும். பயணப்படியும் முதலாளி கட்டும் மத்திய சேமநிதியும் சேராது. வேலைக்கு வந்து 12 மாதம் ஆகவில்லை என்றால், வேலை பார்த்த காலத்தின் சராசரி.

இந்தச் சராசரியில் முழுத் தொகை எத்தனை நாளுக்கு? வெளிநோயாளியாக 14 நாள் வரை. மருத்துவமனை விடுப்பாக இருந்தால் 60 நாள் வரை. அதைத் தாண்டினால் மூன்றில் இரண்டு பங்கு. விபத்து நடந்த தேதியிலிருந்து ஒரு வருடம் வரை இது ஓடும்.

ஒரு கணக்கைப் போடுவோம். ஒருவருக்கு மாத அடிப்படை 780 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஓடியும் மற்றதும் சேர்த்து 12 மாதச் சராசரி 1,300 வெள்ளி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை. ஒரு நாள் தொகை காண 1,300ஐ 12ஆல் பெருக்கி 15,600. அதை 52 வாரம் பெருக்கல் 6 நாள், அதாவது 312ஆல் வகுத்தால் 50 வெள்ளி. 14 எம்சி நாளுக்கு 700 வெள்ளி வர வேண்டும். அதையே அடிப்படைச் சம்பளத்தில் போட்டால் 780 பெருக்கல் 12 வகுத்தல் 312, வெறும் 30 வெள்ளி. 14 நாளுக்கு 420. வித்தியாசம் 280 வெள்ளி. 15ஆவது நாளிலிருந்து மூன்றில் இரண்டு என்றாலும் 33 வெள்ளி 33 காசு. அடிப்படைச் சம்பளத்தில் போட்ட முழு நாளை விடவே அதிகம்.

சாதாரண நோய் விடுப்பின் சம்பளத்தில் ஓடி சேராது. வேலைக் காயத்தை அந்தக் கணக்கில் எழுதினால் நஷ்டம் என்று மேலே சொன்னது இதனால்தான். ஓடியை நம்பியே ஊருக்குப் பணம் அனுப்பும் ஒருவருக்கு இந்த 280 வெள்ளி சின்ன விஷயம் இல்லை.

அப்பாயின்ட்மென்டுக்கு என்று ஒவ்வொரு நாளாக வாங்கும் எம்சியும் அந்த 14இல் தான் கழியும். முதல் வாரம் ஏழு நாள், பிறகு கட்டுப் பிரிக்க ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று என்று சேர்ந்து 14 முடிந்தால், அடுத்ததிலிருந்து மூன்றில் இரண்டு. அதனால் ஒரு சின்ன நோட்டில் எம்சி நாட்களை எண்ணி வாருங்கள். ஞாயிறு உங்கள் ஓய்வு நாள் என்றால், எம்சி அந்த நாளையும் சேர்த்து ஓடினாலும் அதற்கு எம்சி சம்பளம் வராது. அதைப் பார்த்து 'பிடித்துவிட்டார்கள்' என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

இந்தப் பணம் வழக்கமான சம்பளத் தேதிக்குள் வந்துவிட வேண்டும். "இன்ஷூரன்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்று முதலாளி சொல்ல முடியாது. அவர் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டுக் காப்புறுதி நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்கைச் சரிபார்க்க பே ஸ்லிப் வேண்டும். விவரமான பே ஸ்லிப் கொடுப்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். கடைசி 12 மாத ஸ்லிப்புகளையும் போனில் சேர்த்து வைத்திருப்பவர் இந்த விஷயத்தில் பாதிக் கிணறு தாண்டியவர்.

லைட் டியூட்டி என்ற வழுக்குப் பாதை

எம்சிக்குப் பதிலாக லைட் டியூட்டி கொடுக்கச் சொல்லிக் கம்பெனி ஆள் டாக்டரிடம் பேசுவது நடக்கிற ஒன்று. விபத்தால் எம்சி நாட்கள் அதிகம் போனால் கம்பெனியின் பாதுகாப்புப் பதிவு கெடும் என்ற பயம் அதன் பின்னால் இருக்கும். முன்பு, மூன்று நாளுக்கு மேல் எம்சி போனால்தான் மனிதவள அமைச்சுக்கு அறிக்கை தர வேண்டும் என்று விதி இருந்தது. அந்தக் காலத்தில் 'இரண்டு நாள் எம்சி, பிறகு லைட் டியூட்டி' என்பது ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. 2020 செப்டம்பரிலிருந்து அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. வேலைக் காயத்துக்கு ஒரே ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், எம்சியே இல்லாமல் லைட் டியூட்டி கொடுத்தாலும், முதலாளி 10 நாளுக்குள் அமைச்சிடம் அறிக்கை தர வேண்டும். லைட் டியூட்டி நாட்களுக்கான சம்பளமும் அதே சராசரி மாத வருமானத்தை வைத்துத்தான். ஓடி இல்லையே என்று அடிப்படையை மட்டும் கொடுத்தால் அது குறைவு.

இதில் ஒரு தீர்ப்பு தெரிந்திருக்க வேண்டியது. 2011இல் கட்டுமானத் தொழிலாளி ஒருவருக்குக் கை எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. அவருக்கு டாக்டர் கொடுத்தது இரண்டு நாள் எம்சி, அதற்கப்புறம் லைட் டியூட்டி. புகார் டாக்டர்களைக் கண்காணிக்கும் மருத்துவ மன்றத்துக்குப் போய், ஒழுங்கு விசாரணையில் டாக்டர் விடுவிக்கப்பட்டார். மன்றம் மேல்முறையீடு செய்தது. 2016இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த டாக்டர் 6 மாதம் தொழில் செய்யத் தடை விதித்தது. அந்தத் தீர்ப்பின் சாரம் தொழிலாளிக்கு மிகவும் பயனுள்ளது: லைட் டியூட்டி எழுதும் டாக்டர், அப்படி ஒரு வேலை அந்த இடத்தில் உண்மையிலேயே இருக்கிறதா, நோயாளிக்கு ஓய்வெடுக்க இடம் இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே எழுத வேண்டும்.

அதனால் டாக்டர் "லைட் டியூட்டி தரவா?" என்று கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் வேலையிடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். "டாக்டர், எங்க சைட்ல எல்லாமே கம்பி தூக்குற வேலைதான். உட்கார்ந்து செய்யுற வேலை இல்லை. டார்மிட்டரியிலிருந்து லாரில ஏறி இறங்கணும், ஒரு கையால பிடிச்சு ஏற முடியாது." இந்த மூன்று வாக்கியம் டாக்டரின் முடிவை மாற்றலாம். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. கம்பெனி ஆள் கூடவே நிற்பதால் பேச முடியவில்லை என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ கேட்கலாம். உங்கள் உடம்பு பற்றிய பேச்சு அது. ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் தெரிந்தவர் யாராவது உதவ முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள்.

லைட் டியூட்டி கொடுத்தபின் கம்பெனி பழைய வேலையையே கொடுத்தால், செய்துவிட்டு அடுத்த அப்பாயின்ட்மென்டில் வலி அதிகமானதாக மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தேதியில் என்ன வேலை கொடுத்தார்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அதை மருத்துவக் குறிப்பில் எழுதிவிடுவார். ஆறு மாதம் கழித்து யாரும் மறுக்க முடியாத சாட்சி அந்தக் குறிப்புதான்.

அப்பாயின்ட்மென்டுக்குப் போக விடாவிட்டால்

மூன்று விதமாகத் தடை வரும். ஒன்று, நேரடியாக "போகாதே". இரண்டு, "கேரண்டி லெட்டர் இன்னும் ரெடி ஆகலை". மூன்று, யாரும் எதுவும் சொல்லாமல் தேதி தானாகக் கடந்துபோவது. மூன்றாவதுதான் மோசம்.

வேலைக் காயத்தின் மருத்துவச் செலவு முதலாளியுடையது. டாக்டர் கட்டணம், அறுவைச் சிகிச்சை, மருந்து, பிசியோ, மருத்துவ அறிக்கைக்கான கட்டணம் எல்லாம் அதில் அடங்கும். விபத்துத் தேதியிலிருந்து ஒரு வருடம், அல்லது ஓர் உச்சத் தொகை, எது முதலில் வருகிறதோ அதுவரை. அந்த உச்சம் 45,000 வெள்ளியாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு 53,000 வெள்ளி. மருத்துவமனைகள் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அடுத்த சிகிச்சை செய்யுமுன் 'பணம் நாங்கள் கட்டுகிறோம்' என்று முதலாளியிடமிருந்து ஒரு கேரண்டி லெட்டர் கேட்பது உண்டு. அந்தத் தாள் வராததால் அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போவது அடிக்கடி நடக்கும் கோளாறு. எக்ஸ்ரே தள்ளிப்போகலாம், கொஞ்சம் பொறுக்கும். தசைநார் தைத்த விரலுக்குப் பிசியோ தள்ளிப்போனால் விரல் விறைத்துப்போகும், பிறகு மடக்க வராது. அதனால் காத்திருக்காதீர்கள்.

என்ன செய்வது? அப்பாயின்ட்மென்ட் தேதி கிடைத்த அன்றே அட்டையைப் படம் எடுத்து சூப்பர்வைசருக்கும் அலுவலகத்துக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "17ஆம் தேதி காலை 10 மணிக்கு அப்பாயின்ட்மென்ட், கேரண்டி லெட்டர் வேண்டும்" என்று ஒரே வரி போதும். வாயால் சொன்னது காற்றோடு போகும். மூன்று நாளுக்கு முன் ஒருமுறை நினைவூட்டுங்கள். முந்தின நாள்வரை லெட்டர் வரவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போன் செய்து, "முதலாளி லெட்டர் தரவில்லை, நான் வருகிறேன்" என்று சொல்லுங்கள்; அங்கே சமூக ஊழியர் இருந்தால் அவரிடம் பேசுங்கள். போக வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள். எழுதச் சொன்னதும் பல தடைகள் தாமாக விலகும். அரசாங்க மருத்துவமனைகளின் அப்பாயின்ட்மென்டுகளைச் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வைத்து ஹெல்த்ஹப் செயலியில் நீங்களே பார்க்கலாம். கம்பெனி ஆள் தேதியை மாற்றியிருந்தால் அதிலேயே தெரியும்.

சிங்பாஸ் கடவுச்சொல்லை அலுவலகத்தில் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

போய் வந்த பிறகு எம்சியின் படத்தை அன்றே அனுப்புங்கள். மூலத் தாளைக் கேட்டால் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

அறிக்கை, கிளெய்ம்

முதலாளி 10 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று பார்த்தோம். தந்தாரா என்று அவரிடம் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் மனிதவள அமைச்சிடம் நீங்களே விபத்தைச் சொல்லலாம். கிளெய்ம் செய்யக் கடைசி எல்லை விபத்திலிருந்து ஒரு வருடம். ஆனால் ஒரு வருடம் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். முதல் டாக்டரிடம் போன அன்றே "வேலை செய்யும்போது அடிபட்டது, இந்த மெஷினில், இந்த நேரத்தில்" என்று சொல்லி அது குறிப்பில் ஏற வேண்டும். "டார்மிட்டரில வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் அதற்கு இணங்காதீர்கள். அந்த ஒரு வரி மருத்துவக் குறிப்பில் ஏறிவிட்டால், பின்னால் வரும் எல்லா எம்சியும் சாதாரண நோய் விடுப்பாகிவிடும், நிரந்தரப் பாதிப்புக்கான இழப்பீடும் கேள்விக்குறியாகும்.

அடிபட்ட இடத்தின் படம், கூட வேலை பார்த்த இருவரின் போன் எண், அன்றைய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். கூட வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போய்விடலாம், ஊருக்குத் திரும்பிவிடலாம்.

வேலைக்கு வெளியே அடிபட்டால்

இங்கே வேலை நியமனச் சட்டம். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். மூன்று மாதத்தில் வெளிநோயாளி விடுப்பு 5 நாள், மருத்துவமனை விடுப்பு 15. நான்கில் 8, 30. ஐந்தில் 11, 45. ஆறு மாதம் முதல் 14, 60. இந்த 60க்குள்ளேயே அந்த 14உம் அடக்கம். வேலைக்கு வராத 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குச் சொல்ல வேண்டும், அல்லது சொல்ல முயன்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொல்லாமல் நின்றதாகிவிடும். சிங்கப்பூரில் பதிவு பெற்ற எந்த டாக்டர் கொடுத்த எம்சியையும் கம்பெனி ஏற்க வேண்டும். "எங்க பேனல் கிளினிக் எம்சிதான் செல்லும்" என்பது விடுப்புக்குப் பொருந்தாது. ஆனால் டாக்டர் கட்டணத்தைத் திரும்பத் தருவது, அரசாங்க டாக்டரோ கம்பெனி நியமித்த டாக்டரோ எம்சி கொடுத்தால்தான். அப்பாயின்ட்மென்டுக்கு டைம் சிட் மட்டும் கிடைத்தால் இங்கேயும் அதே நிலை: எம்சி இல்லாத மணி நேரத்துக்குச் சட்டப்படி நோய் விடுப்புச் சம்பளம் இல்லை.

ஒரு வருடம் நெருங்கும்போது

மருத்துவ விடுப்புச் சம்பளமும் செலவும் ஒரு வருடத்தோடு நிற்கும். அதற்குள் காயம் முழுதாக ஆறாமல் நிரந்தரப் பாதிப்பு இருந்தால், டாக்டர் அதை விழுக்காட்டில் மதிப்பிடுவார். அந்த விழுக்காடு, வயது, சராசரி வருமானம் மூன்றையும் வைத்து மொத்தமாக ஒரு தொகை கணக்காகும். இந்த மதிப்பீட்டுக்கு ஆதாரம் இதுவரை போன அப்பாயின்ட்மென்டுகளின் பதிவுகள்தான். எட்டில் ஐந்துக்குப் போகாமல் விட்டவரின் கோப்பைப் படிக்கும் டாக்டருக்கு, விரல் மடங்காததற்குக் காரணம் விபத்தா, பிசியோவுக்குப் போகாததா என்ற கேள்வி வரும். கூப்பிட்ட மருத்துவப் பரிசோதனைக்கு நியாயமான காரணம் இல்லாமல் போகாவிட்டால் இழப்பீட்டு உரிமையே நிறுத்தி வைக்கப்படலாம்.

"ஊருக்குப் போய் நாட்டு வைத்தியம் பார்த்துக்கொள், டிக்கெட் போட்டுத் தருகிறேன்" என்ற அழைப்பும் இந்தக் கட்டத்தில்தான் வரும். குடும்பத்தைப் பார்க்கும் ஏக்கம் எல்லாருக்கும் உண்டு, அதில் தவறே இல்லை. ஆனால் மதிப்பீடு முடியாமல் விமானம் ஏறினால் மீதி அப்பாயின்ட்மென்டுகளும் அவற்றோடு எம்சிகளும் நின்றுபோகும், திரும்ப வந்து கோப்பைத் தொடர்வது மிகவும் கடினம். பெர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள் என்பதாலும் கிளெய்ம் சாவதில்லை. கிளெய்ம் முடியும்வரை தங்க அமைச்சு ஸ்பெஷல் பாஸ் கொடுக்க முடியும். ஆனால் ஸ்பெஷல் பாஸில் பொதுவாக வேலை செய்ய முடியாது. ஆகவே அந்த மாதங்களில் எம்சி சம்பளம்தான் ஒரே வருமானம். ஒவ்வொரு அப்பாயின்ட்மென்டிலும் எம்சி இடைவெளி இல்லாமல் தொடர்கிறதா என்று பார்ப்பது அப்போது இரட்டிப்பு அவசியம். 30ஆம் தேதியோடு முடியும் எம்சிக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் 5ஆம் தேதி என்றால், நடுவில் உள்ள நாட்களுக்கு என்ன என்று அறையை விட்டு வருமுன் கேளுங்கள்.

கணக்கு முடிந்ததும் கணக்கீட்டு அறிவிப்பு ஒன்று உங்களுக்கும் முதலாளிக்கும் வரும். அதில் விழுக்காடு, சராசரி வருமானம், தொகை மூன்றும் இருக்கும். சராசரி வருமானத்தில் ஓடி சேர்ந்திருக்கிறதா என்று உங்கள் பே ஸ்லிப்புகளோடு ஒப்பிடுங்கள். ஆட்சேபம் இருந்தால் அறிவிப்பு கொடுக்கப்பட்டதிலிருந்து 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் 21 நாளுக்குள் பணம் வர வேண்டும். அறிவிப்பு பழைய டார்மிட்டரி முகவரிக்குப் போய் 14 நாள் வீணாகாமல் இருக்க, இடம் மாறிய அன்றே புதிய முகவரியையும் போன் எண்ணையும் அமைச்சிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கொடுத்துவிடுங்கள்.

விக்காவில் வாங்குவதா, கம்பெனியின் கவனக்குறைவு என்று நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதா என்பது வேறு கேள்வி. இரண்டிலும் வாங்க முடியாது. வழக்கில் உச்ச வரம்பு இல்லை, ஆனால் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டும், காலமும் செலவும் ஆகும். அதை முடிவு செய்யுமுன் வழக்கறிஞரிடம் கட்டணம், பங்கு எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்சி சம்பளம் வரவில்லை, அப்பாயின்ட்மென்டுக்கு விடவில்லை, அறிக்கை தரவில்லை என்றால் மனிதவள அமைச்சின் எண் 6438 5122. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர உதவி எண் 6536 2692. கூப்பிடும்போது விபத்துத் தேதி, கம்பெனியின் பெயர், பெர்மிட்டில் உள்ள எண், கடைசி எம்சியின் தேதிகள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதி ஆகிய ஐந்தும் கையில் இருந்தால் பேச்சு ஐந்து நிமிடத்தில் விஷயத்துக்கு வந்துவிடும்.